காலில் போட்ட நீலக் கோடு

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன்பிறகு துணி மூட்டைகளின் மேல் வார்டு பெயரை எழுதியதுதான் என் எழுத்து. இந்த நாலு தாளை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே விளங்கவில்லை. வருஷங்களும் மறந்துவிட்டன. முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுதக் காரணம் ஷகிலா சிஸ்டர். போன மாசம் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழக்க தோஷத்தில் கால்கள் என்னை ஆபரேஷன் வார்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டன. அங்கே ஷகிலா சிஸ்டர் ஒரு பெரியவரின் வீங்கின காலில் ஊதா நிறத் தடிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். போட்டு, பக்கத்தில் மணியை எழுதி, போனில் படமும் எடுத்தார். பெரியபட்டினத்துப் பிள்ளை அவர், கலகலவென்று பேசுவார்.

"என்ன ஆயாம்மா, இப்படிப் பாக்குறீங்க. ஒங்க காலத்துல இதெல்லாம் உண்டா?"

"உண்டு சிஸ்டர்."

"என்ன பேனா?"

"சும்மா பால் பேனாதான். நீல மை."

"அது அழிஞ்சிராதா?" என்று சிரித்தார்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பிறகு அவரே போன் பண்ணி, ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். எதை எழுதினாலும் அவர் கேட்ட அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. அதனால் அதையே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரும் டாக்டர்கள் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் ராக்கு. பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய்க் காடு. கல்யாணமாகிக் கடலோரத்துக்கு வந்தேன். தினக்கூலிக்கு வார்டு கூட்டப் போய், பிறகு நிரந்தரமாகி, இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தேன். பெட்பேன் வைப்பது, கத்தி கத்திரிக்கோல் அவிப்பது, காஸ் துணி மடிப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, டாக்டர் கட்டுப் பிரிக்கும்போது காலைத் தூக்கிப் பிடிப்பது. இதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. எனக்கும் வாயைத் திறந்து ஒன்று கேட்கக் கூச்சம். கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

எங்கள் ஹெட் சிஸ்டருக்குச் சுத்தம்தான் எல்லாம். ரவுண்ட்ஸுக்கு முன்னால் கட்டில் கம்பியில் விரலைத் தேய்த்து, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஒன்றும் பேசமாட்டார். அதிலேயே எனக்கு உயிர் போய்விடும். அவர் சொல்லும் ஒரு பேச்சு வார்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "நோயாளி ஒடம்புல அவங்க தோலும் நம்ம கட்டும்தான் இருக்கணும் ராக்கு. வேற எது இருந்தாலும் அது அழுக்கு."

கடலோரத்து ஆட்கள் காயத்தில் எதையாவது அப்பிக்கொண்டுதான் வருவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, டீசல், காப்பித்தூள் என்று எதுவும் இருக்கும். அதை எல்லாம் துடைத்து எடுப்பது என் வேலை. நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். மஞ்சள் கறை தண்ணீருக்குப் போகாது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றினால் போய்விடும்.

பெரிய டாக்டர் வேறு மாதிரி. சர்ஜன் அவர். நோயாளியின் காலைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் மண்டி போட்டுவிடுவார். தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆயா என்று விரட்டாமல், ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார். திட்டுகிற டாக்டரிடம் பொய் சொன்னால்கூட மனசு ஆறும். அவரிடம் சொன்ன பொய் இன்னும் ஆறவில்லை.

அந்தப் பொய் சொன்ன அன்றைக்குக் காலையில் செலின் வந்தாள். ராமேஸ்வரம் தீவில் பாசி எடுக்கிற பெண். அந்தப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாருக்குள் முங்கிப் பாசியைப் பிடுங்குவார்கள். கடலுக்குள் கிடக்கிற பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். முந்தின நாள் அந்தப் பார்க்கல் அவள் கணுக்காலுக்கு மேலே கீறிவிட்டது. புளியங்கொட்டை நீளம்கூட இருக்காது காயம். மஞ்சளைக் குழைத்து முழங்கால் வரை பூசியிருந்தார்கள். காய்ச்சல் கொதித்தது. காலில் போர்வை பட்டாலே, "மாதாவே, எடுங்க, எடுங்க" என்று கத்தினாள்.

கூட வந்தவள் அவள் புருஷனுடைய அக்கா ரீத்தா. அவளும் பாசிக்காரிதான்.

"பார்க்கல்லு கீறுனதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? எனக்குந்தான் மாசத்துக்கு நாலு தடவ கீறுது. நான் என்ன ஆட்டோவுலயா வாரேன்?" என்றாள் ரீத்தா.

"மதினி, நீ வாய மூடுனா பாதி வலி போயிரும்" என்றாள் செலின். அந்த வலியிலும் அப்படிப் பேசினாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது. காலைப் பார்த்தால் கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சிவப்பு. இதற்கு இவ்வளவு கூப்பாடா என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பெரிய டாக்டர் வந்தார். மண்டி போட்டார். "ஆயாம்மா, அந்த லைட்ட இங்கன காட்டுங்க" என்றார். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு விரற்கடையாக அமுக்கிக்கொண்டே வந்தார். செலின் தலையணையைக் கடித்துக்கொண்டாள். சிவப்பு முடிந்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. அதற்கு அப்பால் தோல் நல்ல நிறமாக இருந்த இடத்தையும் அமுக்கினார். அங்கேயும் பலகை மாதிரி இருந்தது போல. அவர் முகம் மாறியது.

"காயம் எவ்வளவு சின்னது பாருங்க. வலி எவ்வளவு பெரிசு பாருங்க. ரெண்டும் ஒட்டல" என்று கூட இருந்த சின்ன டாக்டரிடம் சொன்னார். சின்ன டாக்டர் படிப்பு முடித்து அந்த வருஷம்தான் வேலைக்கு வந்த பெண். மதுரைக்காரர்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பால் பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற ஓரமாகவே காலைச் சுற்றிக் கோடு போட்டார். மஞ்சள் மேலேயே போட்டார். அவர் கோடு போடுவது விட்டு விட்டு இருக்கும், துணியில் ஓட்டுத் தையல் போட்ட மாதிரி. நோயாளிக்கு வலிக்காமல் இருக்க அப்படித் தொட்டுத் தொட்டுப் போடுவார். போட்டுவிட்டு, "மணி என்ன ஆயாம்மா?" என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து பத்து" என்றேன். கோட்டுக்குப் பக்கத்தில் 10.10 என்று எழுதினார்.

இந்த நேரத்தில் ஹெட் சிஸ்டர் என்னை டிரிப்ஸ் ஸ்டாண்ட் எடுத்துவர அனுப்பினார். அதனால் பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம் சொன்னதை நான் கேட்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தக் காலில் உள்ளது சாதாரணப் புண்ணாகவும் இருக்கலாம், உள்ளே ஓடுகிற பொல்லாத கிருமியாகவும் இருக்கலாம். ரெண்டு மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் தியேட்டர் கதவைத் தட்டுங்கள், நான் ஒரு வயிற்றைத் திறந்து வைத்திருந்தாலும் பரவாயில்லை, தட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, காத்திருந்த வேறு ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பதினொன்றரைக்குப் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. வார்டு தலைகீழாகிவிட்டது. கூட இருக்கிறவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். ரீத்தாவும் முணங்கிக்கொண்டே போனாள். ஹெட் சிஸ்டர் செலின் கட்டிலருகே நின்று, மஞ்சள் பட்ட படுக்கை விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலைக்கூட நீட்டவில்லை.

விரிப்பை மாற்றினேன். செலினின் காலை ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். நோகாமல்தான் துடைத்தேன், என் கைக்கு அது பழக்கம். காலையில் போர்வை பட்டதற்கே கத்தினவள், இப்போது கத்தவில்லை. "ஒங்க கை பஞ்சு மாதிரி இருக்குக்கா. பட்டதே தெரியல" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தொட்டது தெரியாமல் போவதுதான் அந்தக் காலுக்கு ஆபத்து என்பது எனக்கு அப்போது தெரியாது.

நாலாவது பஞ்சைக் கூடையில் போடும்போது பார்த்தேன். மஞ்சளோடு நீலமும் இருந்தது.

டாக்டர் போட்ட கோடு காலில் இல்லை. 10.10 என்பதும் இல்லை. ஸ்பிரிட் முழுசாக வாங்கிவிட்டது.

அந்தக் கோடு எதற்கு என்று எனக்குத் தெரியாது. கட்டு எதுவரை போட வேண்டும் என்பதற்கு அடையாளம் என்று நினைத்தேன். டாக்டர் எழுதியதை அழித்துவிட்டோம் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. சிஸ்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் நின்றார். அதிகாரியின் கார் வாசலில் வந்துவிட்டது. நோட்டுப் பக்கத்தில் ஒரு நீலப் பேனா கிடந்தது. எடுத்தேன். டாக்டர் சிவப்பு முடிகிற இடத்தில்தானே போட்டார் என்று, நானும் சிவப்பு முடிகிற இடத்தைப் பார்த்து, காலைச் சுற்றி ஒரே இழுப்பாகக் கோட்டை இழுத்தேன். பக்கத்தில் 10.10 என்று எழுதினேன். கடிகாரத்தில் அப்போது பதினொன்றே கால் தாண்டியிருந்தது.

"என்னக்கா, காலுல கோலம் போடுறீக?" என்றாள் செலின்.

"டாக்டர் போடச் சொன்னாரு" என்றேன்.

முதலில் அவர் போட்ட கோடு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பாதியில் இருந்தது. நான் போட்ட கோடு முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே. அந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டது. பட்டும் அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டேகாலுக்குச் சின்ன டாக்டர் வந்து பார்த்தார். ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார்.

"கோட்டுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு மணி நேரமாகியும் பரவல. வலி எப்படிம்மா இருக்கு?"

"கொறஞ்சிருச்சு டாக்டர். மரத்த மாதிரி இருக்கு."

சின்ன டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி. அதிகாரி போனதும் உள்ளே வந்திருந்த ரீத்தா, "நான் சொல்லல? ஊசி போட்டதும் நடிப்பு நின்னுபோச்சு" என்றாள். செலினும் சிரித்தாள். பரவவில்லை என்று தியேட்டருக்குச் சேதி போனது. பெரிய டாக்டர் அடுத்த ஆபரேஷனை ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது செலினுக்குப் பேச்சுக் குழறியது. போர்வையை விலக்கினேன். காலில் நாவற்பழ நிறத்தில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. சிவப்பு தொடை வரைக்கும் வந்திருந்தது. சிஸ்டர் காதில் விழட்டும் என்று கட்டில் கம்பியில் தட்டினேன்.

பெரிய டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார். அன்றைக்கு அவர் கையைச் சூடாக்கவில்லை. மண்டி போட்டு அமுக்கினார். செலினுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்தபோது சொன்னது ஒரே வார்த்தை: "தியேட்டர்."

நான்தான் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். நான்தான் காலைத் தூக்கிப் பிடித்தேன். அவர் கீறினார். ரத்தம் வரவில்லை. உயிருள்ள காலைக் கீறினால் ரத்தம் வரும். செலின் காலில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது. ஒரு வாடை, அதை எழுத வேண்டாம். அவர் ஒரு விரலை உள்ளே விட்டார். தோலும் சதையும் தடையில்லாமல் பிரிந்து விரலுக்கு வழி விட்டன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருப்பார் போல. வேலையை நிறுத்தாமலே மெதுவாகச் சொன்னார்.

"ஆட்டுக்கறி வெட்டுறப்ப தோலுக்கு அடியில வெள்ளையா ஒரு ஜவ்வு பாத்திருப்பீங்கள்ல ஆயாம்மா. நமக்கும் அது இருக்கு. இந்தக் கிருமி அது வழியாத்தான் ஓடும். மேல தோல் பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஊசி மருந்து மட்டும் போதாது, செத்ததை எல்லாம் வெட்டி எடுக்கணும். உப்புத்தண்ணிக் கிருமி இருக்கே, மணிக்கணக்கு இல்ல, நிமிஷக்கணக்கு."

செலினுக்குச் சர்க்கரை இருந்தது, அவளுக்கே தெரியாமல். அது கிருமிக்குத் தோதாகிவிட்டது என்றார்கள். மறுநாள் ஒருமுறை வெட்டினார்கள். அதற்கு மறுநாள், உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று, தொடைக்குப் பாதியில் காலை எடுத்தார்கள். செலின் பிழைத்தாள்.

ஆனால் முதல் நாள் தியேட்டரில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். காலில் மருந்து தடவுவதற்கு முன்னால் பெரிய டாக்டர் அந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நான் போட்ட கோடா?"

சின்ன டாக்டர், "ஆமா சார். பத்து பத்துன்னு எழுதியிருக்கே சார். அதுக்குள்ளதான் சார் இருந்துச்சு" என்றார்.

"நான் விட்டு விட்டுத்தான் போடுவேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆயாம்மா, நீங்கதானே லைட் பிடிச்சீங்க. இது நான் போட்டதா?"

"எனக்குத் தெரியாது சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் மேலே கேட்கவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டார்.

சின்ன டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று பேச்சு வந்தது. அந்தப் பெண் தன் கண்ணையே நம்பாமல் ஆகிவிட்டார். ஒரு காயத்தைப் பார்த்துவிட்டுப் போவார், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். இரண்டு மாசத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார். போகிற அன்று என்னிடம், "ஆயாம்மா, நீங்க ஒருத்தராவது என்னைக் கொற சொல்லல" என்றார். நான் அவர் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன்.

பெரிய டாக்டர் அந்த வாரமே ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். கோடு போட்டால், முழங்கால் சில்லிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று கேஸ் ஷீட்டிலும் எழுத வேண்டும். ஆயாக்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, "ஒடம்புல பேனாக் கோடு இருந்தா, சிவப்பு அதைத் தாண்டுதான்னு பாக்கத்தான் அது. தொடைக்காதீங்க. தெரியாம தொடைச்சுட்டா என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். அவருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. ஓய்வு பெற்றுப் போகும்வரை அவர் என்னை ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டார்.

செலினுக்குக் கால் போய் ரெண்டு மூணு வருஷம் கழித்து, தேவிபட்டினத்து மீன்காரர் ஒருவர் கெளுத்தி முள் குத்தின கையோடு வந்தார். அதே வலி, அதே காய்ச்சல். கோடு போட்டார்கள். நான் ஸ்டூலைப் போட்டு அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹெட் சிஸ்டர், "ராக்கு, ஜன்னலைத் தொடச்சாச்சா?" என்றார். "பெறகு தொடைக்கிறேன் சிஸ்டர்" என்றேன். அப்படி அவரிடம் நான் பேசினது அந்த ஒரு தடவைதான். முக்கால் மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியது. தியேட்டர் கதவை நானே போய்த் தட்டினேன். கை தப்பியது. வார்டில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு சின்ன வேலைதானா இது என்று இருந்தது.

செலினைப் பிறகும் பார்த்தேன். இப்போதும் கரையில்தான் இருக்கிறாள். மற்றப் பெண்கள் முங்கி எடுத்துவருகிற பாசியைப் பரப்பி, கல்லும் சிப்பியும் பொறுக்கிக் காயவைக்கிறாள். ஊன்றுகோல் பக்கத்தில் கிடக்கும். முதல் தடவை நான் போனபோது ரீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நடிக்கிறான்னு சொன்னேனே ஆயாம்மா. அந்த நாக்கு அழுகிப் போகட்டும்." செலின்தான் அவளை அதட்டினாள். "போதும் மதினி, காலு போனது எனக்கு. நீ எதுக்கு ஒப்பாரி வைக்கிற?" என்னிடம், "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அம்புட்டுப் பேரும் கேலி பண்ணாக. நீங்க மட்டும்தான் நோகாம தொடச்சுவிட்டீக. அந்தக் கைய நான் மறக்கலக்கா" என்றாள்.

அவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். நான் எட்டு தடவை போயிருக்கிறேன். எட்டு தடவையும் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

கோடு சரியாக இருந்திருந்தால் பன்னிரண்டேகாலுக்கே அவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோயிருப்பார்கள். நான் கோட்டை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால்கூட, கோடு எங்கே என்று சின்ன டாக்டர் தேடியிருப்பார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். அழித்தது தெரியாமல் செய்தது. மறுபடி போட்டது அப்படி இல்லை.

ஷகிலா சிஸ்டர், இதில் நான் எழுதின மணிகளைத் தயவுசெய்து சரிபாருங்கள். பழைய கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமில் இருக்கலாம். பன்னிரண்டேகால் சரியா, மூன்று மணி சரியா என்று பாருங்கள். நோயைப் பற்றிப் பெரிய டாக்டர் சொன்னதை என் புத்திக்கு எட்டினபடி எழுதியிருக்கிறேன், அதையும் இப்போதுள்ள டாக்டரிடம் காட்டித் திருத்துங்கள். பரவவில்லை என்று சின்ன டாக்டர் எழுதின வரி ஒன்று அதில் இருக்கும். அது பொய் இல்லை, அவர் கண்டதைத்தான் எழுதினார். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் இந்தத் தாளை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் சரிபார்க்க முடியாது. காலில் கோலம் போடுறீகளா என்று செலின் கேட்டதும், நான் சொன்ன பதிலும் எந்தக் காகிதத்திலும் இல்லை. அது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று நான்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். அவளுக்குப் படிக்க வராது, நானே வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை இதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். இந்தத் தடவை காப்பி கொடுத்தால், வாசித்து முடித்த பிறகுதான் வாங்குவேன்.